பர்வின் வாசித்த பதில்கள்

அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று மடிக்கணினியின் திரை சொன்னது. அனீஸாவுக்கு அது ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. கணவன் அஸார் இறந்த பிறகு அவளிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்கள், அல்லாவோட நாட்டம் என்று முடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். இந்தக் கறுப்புத் திரை மட்டும் இல்லாததை இல்லை என்றது.

மென்பொருளை எங்கே இறக்கி வைத்திருக்கிறாள் என்பதைக் கணினிக்குச் சொல்ல மறந்திருந்தாள். ஒரு வரி சேர்த்ததும் கட்டளை ஓடியது. உடனே அடுத்த குறை வந்தது, பைத்தான் பழைய பதிப்பு என்று. அதை மாற்றினால் வேறொரு துணை மென்பொருள் இல்லை என்றது. அதை இறக்கும்போது பாதியில் மின்சாரம் போனது. கேபிள்காரரின் பைபர் இணைப்பும் கூடவே போனது. அனீஸா மடிக்கணினியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொல்லைப்பக்க ஜன்னலுக்கு வெளியே சம்பா நட்ட வயலில் மழை பெய்துகொண்டிருந்தது. தெருப்பக்க ஜன்னலை அஸாரின் அம்மா, அவளுடைய மாமி, துக்கத்தின் முதல் நாளே சாத்தியிருந்தாள்.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அலங்காரம் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கூத்தாநல்லூரில் அந்தத் தெருவில் எல்லா வீடுகளிலும் யாராவது ஒருத்தி எப்போதாவது அப்படி ஓர் அறையில் இருந்திருக்கிறாள். சாப்பாடு அறைக்கே வரும். பெண்கள் வந்து அருகில் உட்கார்ந்து எழுந்து போவார்கள். அனீஸாவுக்கு அதில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை. கஷ்டம் தெரியாததுதான் அவளை உறுத்தியது.

அஸார் ஷார்ஜாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் கணக்குப் பார்த்தவன். அங்கேயே நெஞ்சுவலி வந்து, அங்கேயே அடக்கமும் ஆனான். கல்யாணமாகி ஏழு வருடம். வருடத்துக்கு ஒரு மாதம் வருவான். அந்த மாதத்திலும் பாதி நாள் விருந்து, பாதி நாள் யாருக்காவது விசா விஷயம். அவனுடைய குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். இணைப்பு சரியில்லாதபோது அது எப்படித் தகரம் மாதிரி ஆகும் என்பதுகூடத் தெரியும். அவன் எப்படி நடப்பான் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

இத்தா முடிந்ததும் என்ன என்ற பேச்சு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய அன்றே கூடத்தில் நடந்தது. அறையின் திரைக்குப் பின்னால் நின்று அனீஸா கேட்டாள். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் நெய்னா முகம்மது தொடங்கினான்.

“இத்தா முடிஞ்சதும் தங்கச்சிய நான் அழைச்சிட்டுப் போறேன் மாமா. முப்பத்தொரு வயசுதான் ஆவுது. அதுக்கும் ஒரு வழி பண்ணணும்ல.”

மாமனார் அகமது கபீர் தலையாட்டினார். “பண்ணுங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா புள்ள எங்க புள்ள. அஸார் விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அது இங்க இருக்கும்.”

புள்ள என்றது ஆறு வயது நஸீஹாவை. அனீஸா மாமியைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். மாமி பாத்திமா கூடத்துக்குப் போய் அதைச் சத்தமாகச் சொன்னாள். “அது வேலைக்குப் போவப் போவுதாம். மெட்ராஸ்ல. கல்யாணத்துக்கு முன்னாடி பெங்களூர்ல பாத்த அதே வேலையாம். புள்ளைய அதுவே படிக்க வெச்சுக்கறேங்குது.”

“வேலையா?” என்றான் நெய்னா முகம்மது. “ஏழு வருசம் கழிச்சு யாரு குடுக்கறா?”

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கபீர் மாமா மட்டும் சிரிக்கவில்லை. “இத்தா முடியறதுக்குள்ள வேலைன்னு ஒண்ணு கையில வந்துச்சுன்னா அழைச்சிட்டுப் போவட்டும். அஸார் பொண்டாட்டி சொந்தக் கால்ல நிக்கிதுன்னா எனக்கும் பெருமைதான். வரலைன்னா புள்ள இங்க. இதுல ரெண்டாம் பேச்சு இல்ல.”

அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அனீஸாவும் ஒப்புக்கொண்டாள்.

தஞ்சாவூரில் கூடப் படித்த மங்களாம்பிகைதான் வழி சொன்னாள். சென்னையில் சிறிய கம்பெனி ஒன்று கணினியின் மூளையான ப்ராசஸர் சில்லைச் சொந்தமாக வடிவமைக்கிறது, சோதனை செய்ய ஆள் தேடுகிறது, பழைய ஆள் புதிய ஆள் என்றெல்லாம் பார்க்காது, வேலையைக் கொடுத்துப் பார்க்கும். “ஆனா அனீ, வீட்டு விஷயம் எதையும் எழுதாத. பாவம்னு சொல்லிட்டு எடுக்காம விட்டுடுவாங்க. வேலை தெரியும்னு மட்டும் காட்டு” என்றாள். கம்பெனியிலிருந்து ராஜராஜன் என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார். சோதனைகளைத் தானே உருவாக்கும் இந்த இலவசக் கருவியை நிறுவுங்கள், நாங்கள் அனுப்பும் எங்கள் ப்ராசஸரின் மென்பொருள் வடிவத்தில் ஓட்டுங்கள், என்ன பார்த்தீர்கள் என்று வியாழக்கிழமை மதியம் அழைப்பில் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

கருவிக்கு ஜன்னல் இல்லை, பொத்தான் இல்லை, படம் இல்லை. கட்டளையை எழுத வேண்டும், அது பதில் எழுதும். முதல் இரண்டு நாள் நிறுவுவதிலேயே போனது. மின்சாரம் போனபோது பாதியில் நின்ற கோப்பு முழுக் கோப்பு போலவே அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் கெடுத்தது. அதைக் கண்டுபிடித்து அழித்து மறுபடி இறக்கினாள்.

அஸாரின் தங்கை பர்வின் சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். மன்னார்குடியில் பி.ஏ. முடித்தவள். சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு நிச்சயமாகி, அண்ணன் மௌத்தானதால் தள்ளிப்போட்டிருந்தார்கள். வீட்டில் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

“என்னா அண்ணி, எழுத்தா ஓடுது. யாரு படிக்கிறா இத?”

“யாரும் படிக்க வேணாம். நிக்கிற எடத்த மட்டும் பாத்தாப் போதும்.”

“நிக்கலைன்னா?”

“நிக்கலைன்னா நல்லது. நின்னா இன்னும் நல்லது.”

“ஒங்க வேலையும் ஒங்கள மாதிரியே வெளங்கல. சோறு ஆறுது, சாப்பிடுங்க.”

அவளுக்குப் புரியவைக்க அனீஸா முயன்றாள். ஒரு ப்ராசஸரைச் செய்கிறவர்கள் அது எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்று தாங்கள் நினைத்ததைத்தான் சோதிப்பார்கள். நினைக்காததை யார் சோதிப்பது? அதற்குத்தான் இந்தக் கருவி. கூட்டு, வகு, நினைவகத்திலிருந்து எடு, அங்கே தாவு என்று ஆயிரக்கணக்கான கட்டளைகளை அர்த்தமில்லாமல் கலைத்து அடுக்கி ஒரு நிரலாக எழுதித் தரும். அந்த நிரலை இரண்டு இடத்தில் ஓட்ட வேண்டும். ஒன்று, சரியான விடை தெரிந்த மாதிரி மென்பொருள். மற்றது, கம்பெனியின் ப்ராசஸர். இரண்டும் ஒவ்வோர் அடியிலும் ஒரே விடை சொன்னால் சரி. எங்கே விலகுகிறதோ அங்கே பிழை. எந்தக் குழப்பத்தையும் மறுபடி உண்டாக்க ஓர் எண் போதும். அந்த எண்ணுக்கு விதை, ஆங்கிலத்தில் சீட், என்று பெயர். ஒரு விதையிலிருந்து எப்போதும் அதே குழப்பம்தான் முளைக்கும்.

“அப்போ கிறுக்கன் மாதிரி பேசவிட்டு, யாரு தடுமாறுறான்னு பாக்கறீங்க” என்றாள் பர்வின்.

“கிட்டத்தட்ட.”

“இதுக்கு எங்க அத்தைய விட்டாப் போதுமே. நிக்காஹ் வீட்டுல அது கேக்கற கேள்விக்கு எல்லாரும் தடுமாறுவாங்க.”

புதன்கிழமை காலை கருவி ஓடத் தொடங்கியது. விதை மாற்றி விதை மாற்றி ஓட்டினாள். எல்லாம் சரி, சரி, சரி என்று வந்தது. நிரலில் வகுத்தல் கட்டளைகள் அதிகமாக வரும்படியும், நினைவகத்தில் இல்லாத இடத்தைத் தொடும்படியும் அமைப்புக் கோப்பை மாற்றினாள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் ஓட்டம் நின்றது. இரண்டு விடைகளும் ஒரு வரியில் விலகியிருந்தன.

அனீஸா அந்த வரியிலிருந்து பின்னோக்கிப் படித்தாள். ஒரு கட்டளை, நினைவகத்தில் இல்லாத இடத்திலிருந்து மதிப்பை எடுக்கப் பார்க்கிறது. எடுக்க முடியாது, அது தோற்க வேண்டும். தோற்றால் எதையும் தொடாமல், வந்த சுவடே இல்லாமல் போக வேண்டும். அதுதான் விதி. இந்த ப்ராசஸரிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒரு வகுத்தல் நடந்துகொண்டிருந்தால் மட்டும், தோற்ற கட்டளை போகிற போக்கில், ப்ராசஸர் மதிப்புகளை வைத்திருக்கும் ஒரு பதிவேட்டில் குப்பையை எழுதிவிட்டுப் போகிறது. வேறு விதையில் ஓட்டினாள். கொஞ்சம் நேரம் பிடித்தாலும் அதேதான் வந்தது. பிறகு தேவையில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசியில் ஐந்தாறு வரிகளில் பிழை அப்பட்டமாக நின்றது.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அனீஸா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் திரும்பிப் போனாள். மாமி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அனீஸா கொல்லைப்பக்கம் பார்த்தாள். வயலில் தண்ணீர் வரப்பைத் தொட்டு நின்றது. தன்னால் ஒரு இயந்திரத்தின் தவறுக்குச் சிரிக்க முடிகிறது, அஸாருக்கு அழ முடியவில்லை என்று நினைத்தாள். இதை யாரிடமும் சொல்ல முடியாது. அதைவிட, இது வெளியே தெரிந்துவிட்டது என்றே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அது வெளியே தெரிந்தது சாவுச் செய்தி வந்த முதல் நாளே. ஷார்ஜாவிலிருந்து கடை மேலாளர் அழைத்தபோது வீடு முழுக்கப் பெண்கள். மாமி மயங்கிக் கிடந்தாள். பேசக்கூடியவள் அனீஸா ஒருத்திதான். எந்த மருத்துவமனை, யார் கையெழுத்துப் போடுகிறார்கள், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, அங்கேயே அடக்கம் செய்தால் என்ன நடைமுறை, இங்கே கொண்டுவர எத்தனை நாளாகும் என்று வரிசையாகக் கேட்டாள். குரல் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. அவளே அதைக் கவனித்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

“புருசன் மௌத்து மாதிரியா இருக்கு? கல்யாண மண்டபம் பேசுறாப்ல பேசுது.”

அதற்குப் பிறகு அவள் குரலை உயர்த்தியதில்லை. வேண்டியதை பர்வினிடமோ மாமியிடமோ முணுமுணுப்பாள். அண்ணனிடம்கூட மாமி வழியாகத்தான். மற்றவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். நாளாக ஆக அவளும் அப்படியே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

வியாழக்கிழமை அழைப்பைப் பற்றி மாமியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னாள். மாமி மாமாவிடம் சொல்ல, மாமா மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொண்டு வந்தார். மாமி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஹஜ்ரத்த கேட்டாராம். முகத்த காட்டிக்காம, காரியத்துக்கு மட்டும் பேசலாமாம். தப்பில்லையாம். நீயே பேசு.”

அனீஸா தலையாட்டினாள். பிறகு, “பர்வின் பேசட்டும் மாமி. நான் எழுதிக் குடுக்கறேன்” என்றாள்.

“அவளுக்கு என்னா தெரியும்?”

“வாசிச்சாப் போதும்.”

மாமி அவளை உற்றுப் பார்த்தாள். “புள்ள விஷயம் அனீஸா. யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டேன் மாமி.”

யோசிக்கத்தான் செய்தாள். வாயைத் திறந்தால் எந்தக் குரல் வரும் என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் மாமா இருப்பார், அடுப்படியில் மாமி, பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து போவார்கள். கட்டளை, பதிவேடு, வகுத்தல் என்று ஒரு தடுமாற்றமும் இல்லாத அந்தக் குரல் சுவரைத் தாண்டிக் கேட்கும். அந்த வீட்டில் இன்னொரு முறை அதை வெளியே விட அவளால் முடியாது. பர்வின் வாசிக்கலாம். பதில்கள் சரியாக இருந்தால் குரல் யாருடையது என்றால் என்ன? கணினியிடம் பேசும்போது அப்படித்தானே.

கேமராவைப் போட முடியாது என்று மட்டும் முன்கூட்டியே எழுதினாள். காரணம் எழுதவில்லை. பரவாயில்லை என்று ராஜராஜன் பதில் எழுதியிருந்தார்.

அழைப்பு வந்தது. கட்டிலில் மடிக்கணினி, அதன் முன் அனீஸா. பக்கத்தில் பர்வின், துப்பட்டாவை இறுக்கிப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி. அனீஸா திரையின் ஓரத்தில் எழுத, பர்வின் அதைப் பார்த்து வாசிக்க வேண்டும். வாசலில் மாமி நின்றாள்.

“வணக்கம் மேடம். அனீஸாதானே?”

“ஆமா சார், அனீஸாதான்” என்றாள் பர்வின். அது மட்டும் எழுதிக் கொடுக்காத பதில்.

முதல் கேள்விகள் எளிதாக இருந்தன. எப்படி நிறுவினீர்கள், எங்கே சிக்கல் வந்தது. அனீஸா முதலிலேயே எழுதி வைத்திருந்ததை பர்வின் வாசித்தாள். கொஞ்சம் வேகமாக, மூச்சு விடாமல், ஆனால் தவறில்லாமல். ராஜராஜன் ம், ம் என்றார். பிழையைப் பற்றிச் சொன்னதும் அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“இருங்க, இருங்க. டிவைடுக்கு அப்புறம் மட்டும்தான் வருதா? பெருக்கலுக்கு அப்புறம்?”

அனீஸாவின் விரல்கள் ஓடின. பர்வின் காத்திருந்தாள். விசைப்பலகைச் சத்தம் அறையில் பெரிதாகக் கேட்டது.

“பெருக்கலுக்கு வரல சார். பெருக்கல் சீக்கிரம் முடிஞ்சிடும். வகுத்தல் பல சுற்று எடுக்கும். அது முடியிற சுற்றும், நினைவகத்துலேர்ந்து எடுக்குற கட்டளை தோக்குற சுற்றும் ஒண்ணா விழுந்தா வருது.”

“ஓ. அப்படியா.” அவர் குரலில் ஆர்வமும் வேறொன்றும் சேர்ந்திருந்தன. “சரி, சீட் மாத்தி ஓட்டினா வருமா?”

பர்வினுக்கு இந்த இடம் தெரியும் என்று தோன்றியிருக்க வேண்டும். எழுதுவதற்கு முன்பே முந்திக்கொண்டாள். “வரும் சார். எந்த வெதைய போட்டாலும் வந்துடும், இன்ஷா அல்லா.”

எல்லா விதையிலும் வராது, சிலவற்றில்தான் வரும். அனீஸா பதறி எழுதினாள். பதற்றத்தில் சரியான பதிலுக்கு முன்னால் அவளுக்கென்று ஒரு வரி எழுதினாள். பர்வின் திரையைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். வந்ததை வாசித்தாள்.

“அப்படிச் சொல்லாதே.”

மறுமுனையில் நாற்காலி மறுபடி நகரும் சத்தம் கேட்டது.

“யாருங்க சொல்லக் கூடாது?” என்றார் ராஜராஜன்.

பர்வின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அனீஸாவின் கை விசைகளின் மேல் அப்படியே நின்றது.

“மேடம், எனக்குக் கோபம் இல்ல” என்றார் அவர். மெதுவாகத்தான் பேசினார். “போன வருஷம் ரெண்டு பேரு இப்படித்தான் பண்ணாங்க. இன்டர்வியூல ஒருத்தர் பதில் சொல்வார், வேலைக்கு வேற ஒருத்தர் வருவார். மாட்டிக்கிட்டு முழிச்சோம். நீங்க யாரோ டைப் பண்றத வாசிக்கறீங்க. அந்தப் பதில் சொல்றவங்க பக்கத்துலதான் இருக்காங்க. அவங்கதான் அனீஸான்னா அவங்களையே பேசச் சொல்லுங்க. கேமரா வேணாம். ஒரு நிமிஷம் பேசட்டும். போதும்.”

பர்வின் திரும்பி அனீஸாவைப் பார்த்தாள். மாமி வாசலிலிருந்து அறைக்குள் வந்தாள். “பேசும்மா” என்றாள், சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து. கையாலும் காட்டினாள்.

அனீஸா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது முழுவதும் உள்ளே வரிசையாகத் தயாராக இருந்தது. எந்த விதை, எந்த வரி, எந்தப் பதிவேடு. ஒரு சொல்கூட நடுங்காது என்பதும் தெரிந்தது. கொஞ்சம் நடுங்கினால் போதும் என்று காத்திருந்தாள். தொண்டை அடைத்தால் போதும், கண் கலங்கினால் போதும், உடனே பேசிவிடுவாள். எதுவும் வரவில்லை. கூடத்தில் மாமா செருமினார். அஸாரின் வீட்டில், அஸாரின் தாய்க்கு முன்னால், நல்ல தெளிவான குரலோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“ஹலோ?” என்றார் ராஜராஜன். இன்னும் சிறிது பொறுத்தார். “சரிங்க. நன்றி.”

இணைப்பு போய்விட்டது.

“நான் வாசிச்சதுலதான் தப்பு” என்று பர்வின் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு உடனே அழுகை வந்தது. அனீஸா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “நீ சரியாத்தான் வாசிச்ச” என்றாள். மாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைப் பார்க்கிற பார்வை.

அன்று சாயங்காலமே அனீஸா ராஜராஜனுக்கு எழுதினாள். இத்தா என்றால் என்ன, கணவன் எப்போது இறந்தான், ஏன் பேச முடியவில்லை என்று. கடைசிக் காரணத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்து, எதுவும் உண்மையாக இல்லாததால், வீட்டு வழக்கம் என்று மட்டும் எழுதினாள். ஐந்தாறு வரிகளாகச் சுருக்கிய பிழையையும், அதை உண்டாக்கும் விதை எண்ணையும் சேர்த்து அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறேன் என்றும், அலுவலகத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

மழை ஓய்ந்து பனி தொடங்கியபோது மங்களாம்பிகை அழைத்தாள்.

“நீ கண்டுபிடிச்சது நெஜமான பிழை அனீ. நாலு பேரு உக்காந்து பாத்தாங்களாம். டிசைனையே திருத்திட்டாங்க. அது மட்டும் சிலிக்கான் சில்லுல அச்சாகிப் போயிருந்தா அவ்ளோதான்னு ராஜராஜன் சொல்றாரு.”

“அப்போ வேலை?”

“ஆள் மாறாட்டம்னு ஒன் பேரு பதிவாயிடுச்சு. அவங்க ஆள் எடுக்கறவங்க அத நீக்க மாட்டேங்கறாங்க. ராஜராஜன் சண்டையே போட்டிருக்கார். முடியல. வேற எடத்துல பாக்கலாம். ஆறு மாசம் ஆவட்டும்.”

“சரி” என்றாள் அனீஸா.

“அழுவறியா?”

“இல்ல.”

“அழுதுடு அனீ.”

அனீஸா போனை வைத்தாள். மற்ற இடங்களுக்கும் எழுதினாள். சிலர் பதில் போட்டார்கள், ஏழு வருட இடைவெளியைப் பற்றிக் கேட்டார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். பகலெல்லாம் அந்தக் கருவியை ஓட்டினாள். யாரும் கேட்காவிட்டாலும் ஓட்டினாள். விதை மாற்றி விதை மாற்றி. சரி, சரி, சரி என்று வந்தது. நஸீஹா பள்ளியிலிருந்து வந்து மடியில் படுத்துக்கொண்டு ஓடும் எழுத்துகளைப் பார்த்தபடி தூங்கிப்போவாள். அவளுடைய தலையைத் தூக்கித் தலையணையில் வைக்க மனமில்லாமல் அனீஸா அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

இத்தா முடிந்தது. மாமி தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுப் புடவை கொடுத்தாள். நெய்னா முகம்மது கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அனீஸா கூடத்துக்குப் போய் மாமாவின் முன்னால் நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவரோடு நேராகப் பேசினாள்.

“புள்ளைய என்னோட அனுப்புங்க மாமா. வேலை கெடைச்சிடும்.”

குரல் தெளிவாகத்தான் வந்தது. அந்தக் குரலை யாரும் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது.

கபீர் மாமா தரையைப் பார்த்தார். “கெடைச்சதும் வந்து அழைச்சிட்டுப் போம்மா. நான் வேணாங்கல. இப்ப ஒங்கண்ணன் வீட்டுல ஒனக்கு வேற கல்யாணப் பேச்சு நடக்குது. அங்க புள்ளைய எப்படி அனுப்புவேன்? நீயே சொல்லு.” அவர் கண்கள் சிவந்திருந்தன. “பேசினது பேசினதுதானே?”

அவர் சொன்னதில் ஓரிடத்திலாவது தவறு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள்.

“புள்ள பள்ளிக்கூடத்துல இருக்கறப்பவே கெளம்பிடலாம்” என்று நெய்னா முகம்மது தணிந்த குரலில் சொன்னான். “அது வந்து அழுதுச்சுன்னா யாரு சமாளிக்கிறது? வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒன்னைய இங்க கொண்டாந்து காட்டுறேன்.”

“நேத்தே நஸீஹாகிட்ட சொல்லியிருக்கலாம்ல அண்ணி நீங்க” என்றாள் பர்வின்.

“சொல்லல.”

“பள்ளிக்கூட வேன் வர இன்னும் நேரம் இருக்கு. வா, போவலாம்” என்றான் அண்ணன்.

“வரட்டும். நான் நிக்கிறேன்.”

அவன் மாமியைப் பார்த்தான். பெட்டியை காரில் ஏற்றினார்கள். அனீஸா வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நின்றாள். வெயிலில் கண் கூசியது. எதிர்வீட்டுச் சுவர் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது, எப்போது அடித்தார்கள் என்று தெரியவில்லை. நஸீஹாவிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அது அந்தக் குழந்தையிடம் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டுத்தான் போகும்.

வேன் வந்து திருப்பத்தில் நின்றது. நஸீஹா கடைசியாக இறங்கினாள். பையை ஒரு தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நடந்து வந்தவள், நிமிர்ந்தாள். அப்படியே நின்றாள். புதுப் புடவையில், நடுத்தெருவில், வெயிலில் அம்மா.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். காரையோ நெய்னா முகம்மதுவையோ அவள் பார்க்கவில்லை. அனீஸாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பாட்டியையும் பர்வினையும் கூப்பிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“அம்மா வெளிய வந்துடுச்சு! அத்தம்மா, பர்வின் மாமி, பாருங்க, அம்மா வெளிய வந்துடுச்சு!”